"ஓட்டை அடைச்சாச்சு" என்றார்கள், பிறகேன் இளைக்குது?

கேள்வி:

டொக்டர், எனக்கு 27 வயது. கொடிகாமத்துப் பக்கம். ஒரு சங்கக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை என்று 2003இல், என் 5ஆவது வயதில், கொழும்பில் ஒப்பரேஷன் செய்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது இன்னொரு சின்ன ஒப்பரேஷனும் நடந்ததாம். அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடும், ஓடினால் நடுவழியில் குந்திவிடுவாய் என்று அம்மா சொல்லுவா. "ஓட்டை அடைச்சாச்சு, இனிப் பயமில்லை" என்று சொல்லி விட்டார்களாம். மூன்று வருடம் கிளினிக்குக்குப் போனோம். 2006இல் போரில் பாதை பூட்டியதோடு அதுவும் நின்றது. வீடு மாறி மாறி இருந்ததில் கார்ட், கொப்பி எல்லாம் தொலைந்துவிட்டன.

இப்போது ஆறேழு மாதமாக எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தால் மூச்சு இளைக்கிறது. இரண்டு தரம் நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்து, பத்து நிமிடத்தில் தானாக நின்றது. தனியார் இடத்தில் எக்கோ (இதய ஸ்கான்) எடுத்தேன். "ஈ.எஃப். 60%, நோர்மல்" என்று எழுதித் தந்தார்கள். கலியாணம் பேசி வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை என்கிறா அம்மா. என் ஒப்பரேஷன் பிழைச்சுப்போச்சா? திரும்ப வெட்ட வேண்டுமா? பிள்ளை பெறலாமா? சைக்கிளை விடச் சொல்லி வேறு வீட்டில் ஒரே சண்டை.

(பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, உங்கள் ஒப்பரேஷன் பிழையாகப் போகவில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் இரண்டு தரம் எழுதி வெட்டியிருக்கிறீர்கள். அந்த ஒப்பரேஷன் நடந்திராவிட்டால் நீங்கள் இந்த வயதுக்கு வந்திருப்பதே சந்தேகம். ஆனால் "ஓட்டை அடைச்சாச்சு" என்று உங்கள் வீட்டுக்குச் சொன்னது பாதிக் கதை. மற்றப் பாதி இப்போது எதிர்காற்றில் தெரிகிறது.

கார்ட் தொலைந்ததற்கு அதிகம் கவலைப்படாதீர்கள். அதில் இருந்த சில வரிகள் உங்கள் உடம்பிலேயே இருக்கின்றன. கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள். நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நேர்த் தழும்பு இருக்கும். அது 2003இல் வந்தது. கமக்கட்டுக்குக் கீழே, விலாவோடு வளைந்து முதுகுப் பக்கம் போகும் இன்னொரு தழும்பு இருக்கிறதா? இருந்தால் அது கைக்குழந்தையில் நடந்த 'சின்ன' ஒப்பரேஷன். கைக்குப் போகும் நாடியிலிருந்து நுரையீரல் நாடிக்கு ஒரு குறுக்குவழி போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அல்பிரட் பிளலொக் 1944 நவம்பரில் முதன்முதலில் செய்தது. யோசனை ஹெலன் டவுசிக் என்ற குழந்தை வைத்தியருடையது, ஆய்வுகூடத்தில் கைவேலையைப் பழகிக் காட்டியது விவியன் தோமஸ். அந்தத் தழும்பு இருக்கும் பக்கத்துக் கையில் பிரஷர் குறைவாகக் காட்டக்கூடும். இனி எங்கே பிரஷர் பார்த்தாலும் மற்றக் கையை நீட்டுங்கள்.

நீலம் பாரித்தது, குந்தியது, இரண்டு ஒப்பரேஷன். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு இருந்தது 'டெற்றலொஜி ஒஃப் ஃபலோ' என்றுதான் எனக்குப் படுகிறது. குந்துவதை எந்தக் குழந்தைக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கால் மடியும்போது உடம்புக்குப் போகும் வழியில் அழுத்தம் கூடி, கொஞ்சம் அதிக இரத்தம் நுரையீரல் பக்கம் தள்ளப்படும். குழந்தை அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அம்மா அதைக் கவனித்து ஞாபகம் வைத்திருந்தது பெரிய உதவி.

ஃபலோ என்பது 1888இல் இதை விவரமாக எழுதிய பிரெஞ்சு வைத்தியரின் பெயர். பெயரில் நான்கு குறை இருந்தாலும் உங்களுக்குத் தெரியவேண்டியவை இரண்டு. ஒன்று, இதயத்தின் கீழறைகளான இரண்டு இதயவறைகளுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. மற்றது, வலது இதயவறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வாசலில் நெருக்கடி. வீட்டில் எல்லோரும் ஓட்டையைப் பற்றியே பேசுவோம், ஏனென்றால் 'ஓட்டை' என்றால் யாருக்கும் விளங்கும். உண்மையில் பிள்ளையை நீலமாக்கியது அந்த நெருக்கடி. சத்திரசிகிச்சை நிபுணர் ஓட்டைக்கு ஒரு பட்ச் வைத்துத் தைத்தார். அது அநேகமாக இன்றும் அப்படியே இருக்கும். நெருக்கடியைத் தீர்க்க வாசலை வெட்டி அகலமாக்கினார். வாசல் மிகவும் சின்னதாக இருந்தால் வால்வையும் சேர்த்தே பிளக்கவேண்டும். பிளந்தால் வழி திறக்கும், ஆனால் வால்வு இனி மூடாது.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு நல்லாயிருந்தால் மழைநீர் நிற்கும், கடல்நீர் உள்ளே வராது. கதவைக் கழற்றிவிட்டால் வெள்ளம் தடையின்றி ஓடும், பிறகு உப்புத்தண்ணீர் திரும்பி வரும். உங்கள் வலது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்கு அனுப்பும் இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே விழுகிறது. அதைச் சமாளிக்க அறை விரிகிறது. இருபது வருடம் சத்தமில்லாமல் விரியும். ஒரு கட்டத்துக்கு மேல் அதன் தசை களைத்துப்போகிறது.

இதைத் தெரிந்துகொண்டே செய்தார்களா என்று கேட்பீர்கள். 1954இல் வோல்டன் லில்லெஹை இந்த நோய்க்கு முதல் முழுத் திருத்தத்தைச் செய்தபோது இதய நுரையீரல் இயந்திரம் வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. இன்னொரு மனிதனின் இரத்த ஓட்டத்தோடு பிள்ளையை இணைத்து வைத்து வெட்டினார்கள். அடுத்த சில பத்தாண்டுகள் வரை இந்த வால்வுக் கசிவை உடம்பு தாங்கிக்கொள்ளும் என்றே பலரும் நம்பினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து முப்பது, நாற்பது வயதுக்கு வந்த பிறகுதான் கணக்கு வேறு என்று தெரிந்தது. 2003இல் அது தெரிந்திருந்தது. ஆனாலும் சாகக்கிடக்கும் ஐந்து வயதுக்கு நுரையீரலுக்கு இரத்தம் போக வழி வேண்டும். வால்வைப் பிறகு பார்க்கலாம் என்பதே கணக்கு. அந்தப் 'பிறகு' வரும்போது உங்களுக்குக் கொழும்புக்குப் பாதை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்திருந்த அந்த நாலு வருடத்துக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து போய் வெட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் பலர். 2006 ஆகஸ்டுக்குப் பிறகு பயண அனுமதிக்கு இராணுவக் கிளியரன்ஸும் கப்பலும் என்று அலைய யாரால் முடிந்தது? பாதை திறந்தபோது பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். ஏன் போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள்.

இனி அந்த எக்கோ. 'ஈ.எஃப். 60' என்பது இடது இதயவறை ஒரு துடிப்பில் தன் இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. உங்கள் சிக்கல் வலது பக்கத்தில். முன்வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு அடுக்களை ஒழுகவில்லை என்று எழுதினது போல. எக்கோ எடுத்தவரில் பெரிய பிழை சொல்லமாட்டேன். நாளெல்லாம் மாரடைப்பு வந்தவர்களைப் பார்க்கும் கண் இடது பக்கத்தையே தேடும். நீங்களும் தழும்பின் கதையைச் சொல்லியிருக்கமாட்டீர்கள். ஸ்டெதஸ்கோப்பையும் இங்கே நம்பமுடியாது. வால்வு கொஞ்சம் கசிந்தால் நீண்ட சத்தம் கேட்கும்; முழுவதும் திறந்து கிடந்தால் இரத்தம் தடையில்லாமல் திரும்பி, சத்தம் குறுகி மெதுவாகிவிடும். கசிவு பெரிதாகும்போது சத்தம் சின்னதாகும் என்பதை மாணவர்களுக்கு விளங்கப்படுத்துவதே எனக்குக் கஷ்டம்.

ஆகவே யாழ் போதனா வைத்தியசாலை இதய கிளினிக்குக்கு ஒரு கடிதத்தோடு வாருங்கள். "நெஞ்சு நோகுது" என்று மட்டும் சொல்லாமல் "சின்னவயதில் ஃபலோ ஒப்பரேஷன் செய்தது, இருபது வருடமாகப் பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். எக்கோவை வலது இதயவறையின் அளவு, நுரையீரல் வால்வின் கசிவு, பட்ச் ஓரத்தில் ஏதும் ஒழுக்கு, பெருநாடி வேரின் அகலம் என்று கேட்டு எடுக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதும் ஃபலோ உள்ளவர்களில் வயது போகப் போக விரியக்கூடியது. வலது இதயவறை கோணல்மாணலான உருவம். எக்கோவில் அதன் கொள்ளளவைச் சரியாக அளக்க முடியாது. அதற்கு இதய எம்.ஆர்.ஐ. வேண்டும். அதற்காகக் கொழும்புக்கு ஒரு பயணம் போகவேண்டி வரலாம், போங்கள். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் அந்த அறை கொள்ளும் இரத்தம் 160 மில்லிலீற்றரை எட்டினால், வருத்தம் தெரியாவிட்டாலும் புதிய வால்வைப் பற்றிப் பேசத் தொடங்குவோம். உங்களைப் போல் இளைப்பும் இருந்தால் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை.

ஈ.சி.ஜி. எடுத்தால் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அதில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெக்கன். இதயவறைகள் சுருங்கும்போது விழும் கூரான கீறல், சாதாரண ஆளில் மூன்று கட்டத்துக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு அதைவிட அகலமாக இருக்கும். ஒப்பரேஷன் செய்த எல்லோருக்கும் ஏறக்குறைய அப்படித்தான், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் நாலரைக் கட்டம், அதாவது 180 மில்லிசெக்கன், அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்தான துடிப்புக் குழப்பம் வரும் வாய்ப்புக் கூடுகிறது. வருடத்துக்கு வருடம் அது அகலமாகிக்கொண்டு போகிறதா என்பது எனக்கு ஒரு தனி அளவைவிட முக்கியம். அதற்குத்தான் பழைய தாள்.

அந்தப் படபடப்பை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் இளைப்பைவிடக் கவலை தருவது அதுதான். வெட்டித் தைத்த இடத்துத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்கத் தொடங்கலாம். மேலே சோணையறையில் நடந்தால் தொல்லை, இரத்தம் கட்டியாக உறைந்து பாரிசவாதம் வரவும் கூடும். கீழே இதயவறையில் நடந்தால் உயிராபத்து.

நான் இளம் வைத்தியராக ஒரு வெளிமாவட்ட வைத்தியசாலையில் இருந்தபோது தையல்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். நெஞ்சு அடிக்குது, பயமாயிருக்கு என்றார். சேட்டைத் திறந்தபோது நடுநெஞ்சில் தழும்பு. ஈ.சி.ஜி.யில் அகலமான கீறல்கள், ஒழுங்காக, நிமிடத்துக்கு 150. தழும்பு இருக்கிறவருக்குக் கீறல் அகலமாகத்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். இவ்வளவு வேகம் ஏன் என்று யோசித்தபோது "பயத்தில் வேகமாகத்தானே அடிக்கும்" என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டேன். இல்லாத வீடு உண்டா? ஆமென்றார். மனப்பதற்றம் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டு கிழமையில் பஸ்ஸுக்குள் மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆள் தப்பினார். பயத்தில் அடிக்கும் இதயம் ஏறும், இறங்கும், கதைக்கக் கதைக்க மாறும். அவருடைய 150 அரை மணித்தியாலமாக 150 ஆகவே நின்றது. மேலறையில் 300 தரம் சுற்றும் மின்னோட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்று கீழே இறங்கினால் வரும் எண் அது. கையில் இருந்த தாளில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.

அடுத்த தரம் வந்தால் மணிக்கூட்டைப் பார்த்து நாடித்துடிப்பை எண்ணுங்கள். துடிப்பு நிற்கும் முன் கிட்ட உள்ள வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுக்க முடிந்தால் அதைப்போல் சாட்சி வேறில்லை. துடிப்பைப் பதிய 24 மணித்தியாலம் உடம்பில் கட்டிவைக்கும் ஹோல்டர் கருவியும் வைப்போம். தலைசுற்றி விழுந்தால், அல்லது கண் இருண்டால், கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

திரும்ப வெட்டுவதா? வால்வு மாற்ற வேண்டி வரும் சாத்தியம் நிறைய, மறைக்கமாட்டேன். பலருக்கு இருபது, முப்பது வயதுகளில் அது வருகிறது. ஆனால் இது 2003இல் நடந்ததுபோன்ற உயிர்ப் போராட்டம் இல்லை. இந்த இடத்துக்குப் பொதுவாக மாட்டின் அல்லது பன்றியின் திசுவால் செய்த வால்வை வைப்பார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரினைக் காலம் முழுக்கக் குடிக்கத் தேவையில்லை. பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை, வோபரின் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் சிசுவைப் பாதிக்கும் மருந்து. திசு வால்வு பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். அப்போது பலருக்குத் தொடை நாளத்தினூடாகக் குழாய் விட்டு, பழையதற்குள் புதியதை விரித்து வைக்க முடிகிறது. 2000ஆம் ஆண்டில் பிலிப் பொன்ஹோவர் என்பவர் பிரான்சில் தொடங்கிவைத்த முறை அது. சைவ வீட்டில் மாட்டு வால்வு என்றதும் ஒரு தயக்கம் வருவதைப் பார்த்திருக்கிறேன். கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதில் வெட்கமில்லை, ஒப்பரேஷனுக்கு முதலே கேளுங்கள்.

பிள்ளை பெறலாம். ஃபலோ திருத்தம் நன்றாக இருக்கும் பெரும்பாலான பெண்கள் சுகமாகப் பெறுகிறார்கள். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும். ஏற்கெனவே விரிந்த வலது இதயவறைக்கு அது மேலதிகச் சுமை. அதனால் ஒழுங்கு முக்கியம்: முதலில் பரிசோதனை, வால்வு வேண்டுமானால் வால்வு, பிறகு பிள்ளை. மாதம் தள்ளிப்போன பிறகு எங்களிடம் வந்தால் எங்கள் கையில் இருக்கும் வழிகள் பாதியாகிவிடும். பிள்ளைக்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. மற்றத் தாய்மாருக்கு நூற்றுக்கு ஒன்றளவு. 18 முதல் 22 வாரத்துக்குள் சிசுவின் இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கலாம். ஃபலோ உள்ள சிலருக்கு 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருக்கும். அவர்களில் பிள்ளைக்கு அது போகும் வாய்ப்புச் சரிபாதி என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா என்பது வைத்தியக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். வீடு முழுக்கச் சொல்லி ஊர்வாயில் போடத் தேவையில்லை. அந்தப் பெடியனுக்குச் சொல்லுங்கள். நடுச்சாமத்தில் நெஞ்சு அடிக்கும்போது வாகனம் பிடிக்கப் போகிறவர் அவர், வால்வு ஒப்பரேஷனுக்கு வெளியே வாங்கில் இருக்கப் போகிறவரும் அவர். தழும்பை எத்தனை நாள் மறைப்பீர்கள்? பரிசோதனை முடிவுகள் கையில் வந்த பிறகு சொல்வது நல்லது. "நெஞ்சில் ஓட்டை" என்று சொல்வதற்கும் "ஒரு வால்வு மாற்றவேண்டி வரலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம்" என்று சொல்வதற்கும் கேட்கிறவர் முகத்தில் நிறைய வித்தியாசம். விரும்பினால் இருவருமாகக் கிளினிக்குக்கு வாருங்கள். சாதகக் குறிப்பில் செவ்வாயைத் தேடுகிற நாங்கள் இதற்கும் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கலாம்.

காய்ச்சலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மார்கழி, தையில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் டெங்கு என்றே பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் டெங்கு இல்லையென்று வந்து காய்ச்சல் விடாமல் இழுத்தால், பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடிக்காதீர்கள். முதலில் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர். இதயத்தின் உள்ளே பட்ச் ஓரத்திலோ வால்விலோ கிருமி குடியேறினால், முன்கூட்டிக் குடித்த நாலு குளிசை நோயைக் குணமாக்காது, கிருமியைக் கல்ச்சரில் மறைத்துவிடும். பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். இப்போதைக்கு, பட்ச் ஓரத்தில் ஒழுக்கு இல்லையென்றால், பல் பிடுங்க முன்காப்பு மருந்து தேவையில்லை. புதிய வால்வு வைத்த பிறகு தேவை, பல் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். செடில் குத்தும் நேர்த்தி ஏதும் வைத்திருந்தால் அதைக் கற்பூரச்சட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

இதை வாசிக்கும் மற்றத் தழும்புக்காரருக்கு ஒரு சொல். பிறந்த பிறகும் மூடாமல் கிடந்த நாடித் தொடுப்பு ஒன்றைக் குழந்தையில் கட்டிவிட்டதோடு முடிந்தவர்கள், சின்ன ஓட்டை அடைத்து மிச்சம் இல்லாதவர்கள் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். மேலறைச் சுவர் ஓட்டையை வளர்ந்த பிறகு அடைத்தவர்களுக்குத் துடிப்புக் குழப்பம் வரலாம். பெருநாடி நெருக்கத்தை வெட்டி இணைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க வலது கையில் பிரஷர் பார்க்கவேண்டும். நாடிகள் இடம்மாறிப் பிறந்து மேலறைகளுக்குள் வழியைத் திருப்பி விட்டவர்களும், ஒற்றை இதயவறையோடு வாழ்பவர்களும் ஆண்டுக்கு ஒரு தரமாவது இதய வைத்தியரைக் காணாமல் இருக்கக்கூடாது. பின்னவர்களுக்கு ஈரலையும் பார்க்கவேண்டும்.

சைக்கிள் சண்டைக்கு வருகிறேன். பரிசோதனைகள் முடியும்வரை எதிர்காற்றில் போட்டிக்கு மிதிக்கவேண்டாம், தனியே வயல்வெளிப் பாதையாலும் போகவேண்டாம். கூட ஒருவர் வர, கதைத்துக்கொண்டு மிதிக்க முடிந்த வேகத்தில் போங்கள். கதைக்க முடியாமல் போனால் இறங்கி உருட்டுங்கள். அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளினிக்குக்கு வரும்போது அவவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2003இல் என்ன நடந்தது என்று அவவிடம் எனக்கு இன்னும் கேட்க இருக்கிறது.